என் பெயரில் ரம்மி ஆடுகிறார்கள்

2016 அக்டோபரில் ஒரு சிற்றிதழில் என் கட்டுரை ஆறு பக்கத்துக்கு வந்தது. ‘இணையத்தின் சாவி இனி யாரிடம்?’ என்று நானே வைத்த தலைப்பு. இணையப் பெயர்களின் மேல் வைத்திருந்த பிடியை அமெரிக்க அரசு விட்டுவிட்டது, இனி உலகம் என்ன ஆகுமோ என்று அதில் கவலைப்பட்டிருந்தேன். கடைசியில் என் பெயர், அதற்குக் கீழே தடித்த எழுத்தில் என் இணையதள முகவரி. அந்த முகவரி காலாவதியாகி அப்போது ஒரு வாரம் ஆகியிருந்தது. எனக்குத் தெரியாது.

ஊரிலுள்ள டொமைன்களைப் பற்றியெல்லாம் கவலைப்பட்டவன் தன்னுடைய ஒரே டொமைனைத் தொலைத்த கதை இது. நண்பர்களிடம் இதை வேறு மாதிரி சொல்லியிருக்கிறேன். ‘ஹேக் பண்ணிட்டாங்க’ என்று. அதில் ஒரு கௌரவம் இருந்தது. இப்போது உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்.

2000-ல் திருச்சியில் ஒரு கல்லூரியில் வணிகவியல் நடத்திக்கொண்டிருந்தேன். பிரவுசிங் சென்டரில் மணிக்கு முப்பது ரூபாய். எனக்கென்று ஒரு டாட் காம் வேண்டும் என்று ஆசை வந்தது. இலக்கியத்துக்காக என்று வீட்டில் சொன்னேன். சக ஆசிரியர் ஒருவர் விசிட்டிங் கார்டில் ஹாட்மெயில் முகவரி போட்டிருந்தார், அவரை மிஞ்ச வேண்டும், அதுதான் விஷயம். ஆனால் பணம் கட்ட கிரெடிட் கார்டு வேண்டும். அந்தக் காலத்தில் என் சம்பளத்துக்கு எந்த வங்கியும் கார்டு தர ஆசைப்படவில்லை. மனைவியின் தம்பி நியூ ஜெர்சியில் இருந்தான். ஐஎஸ்டி போட்டேன்.

“மாமா, ஸ்பெல்லிங் சொல்லுங்க. ‘ழ’வுக்கு இசட் எச்சா, எல்லா?”

பெயரில் ஒரு ழகரம் இருந்தது. பூத்தில் மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. ழகரத்தைப் பற்றி மேடையில் அரை மணி நேரம் பேசக்கூடியவன், “எது இருக்கோ அதை எடு மாப்ளே” என்று சொல்லி வைத்துவிட்டேன். எச்சை விட்டுவிட்டு இசட்டை மட்டும் போட்டு எடுத்தான். அந்தப் பெயரைக் காதால் கேட்ட யாராலும் தட்டச்சுச் செய்ய முடிந்ததில்லை. பதினாறு வருஷமும் என் தளத்துக்குத் தினம் வந்தவர்கள் பதினொரு பேர் இருக்கலாம். அதில் நாலு பேர் நான்.

35 டாலர் கட்டினான். அன்றைக்கு ஆயிரத்து அறுநூறு ரூபாய். அவன் கார்டு, அவன் விலாசம், அவன் பெயர். கட்டினவன் பெயரில் பட்டா.

அந்த 35 டாலருக்கு ஒரு முன்கதை உண்டு. ஆரம்பத்தில் இந்தப் பெயர்களுக்குக் காசே கிடையாது. கணினிகளின் பெயர்ப் பட்டியல் ஒரே கோப்பாக கலிஃபோர்னியாவில் மென்லோ பார்க் என்ற ஊரில் இருந்தது. எலிசபெத் ஃபெயின்லர் என்ற அம்மையாரின் அலுவலகம் அதை வைத்திருந்தது. செலவு அமெரிக்கப் பாதுகாப்புத் துறையுடையது. பட்டியல் கட்டுக்கடங்காமல் வளர்ந்ததும், 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் இன்றுள்ள டொமைன் முறையை வகுத்தார். 1985-ல் டாட் காம் வந்தது. 1993-லிருந்து தேசிய அறிவியல் அறக்கட்டளை என்ற அரசு அமைப்பின் ஒப்பந்தத்தில் நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் என்ற தனியார் கம்பெனி பதிவேட்டைப் பார்த்துக்கொண்டது. செலவை அரசே கொடுத்தது. 1995 செப்டம்பரில் கதை மாறியது. இனி பெயர் எடுப்பவர் ஆண்டுக்கு 50 டாலர் தர வேண்டும். அதில் 30 சதவீதம் அரசின் நிதிக்கு. இது வரி அல்லவா, யாரைக் கேட்டு வசூலித்தீர்கள் என்று வழக்குப் போட்டார்கள். 1998-ல் அந்தப் பங்கை எடுத்துவிட்டு 35 டாலராக்கினார்கள். மாப்பிள்ளை கட்டியது அந்த 35.

நான் பெயர் எடுத்த அதே 2000-ல், நெட்வொர்க் சொல்யூஷன்ஸை வெரிசைன் வாங்கியது. விலை சுமார் 2,100 கோடி டாலர். ஒரு பேரேட்டுக்கு! இதை மாணவர்களுக்கு விஸ்தாரமாக விளக்குவேன். புதுப்பிக்காமல் விட்ட பெயர் என்ன ஆகும் என்பதை மட்டும் விளக்கியதில்லை. பாடத்திட்டத்தில் இல்லை.

என் வகுப்புகளின் கதாநாயகர் ஜான் போஸ்டல். தாடி, செருப்பு, தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சி அறை. எந்த எண் யாருக்கு, எந்த நாட்டுப் பெயரை யார் கவனிப்பது என்பதையெல்லாம் ஆரம்பத்தில் நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைத்தவர். எங்கள் கிராமத்தில் கணக்குப்பிள்ளை இருந்தார். எந்த வரப்பு யாருடையது என்று தாசில்தாருக்கே அவரைக் கேட்டால்தான் தெரியும். 1980-ல் எம்.ஜி.ஆர். ஆட்சி அந்தப் பதவியை ஒழித்தபோது, நோட்டுகளைத் திருப்பிக் கொடுக்க அவருக்கு மனசே வரவில்லை என்று அப்பா சொல்வார். போஸ்டலுக்கும் அந்த மாதிரி ஒரு நாள் வந்தது.

1997 ஜூலையில் கிளின்டன், டொமைன் பெயர்களை அரசிடமிருந்து தனியார் பொறுப்புக்கு மாற்ற வழி செய்யும்படி வணிகத் துறைக்கு உத்தரவிட்டார். எப்படி மாற்றுவது என்று வாஷிங்டனில் பேசிக்கொண்டிருந்தார்கள். 1998 ஜனவரி 28 அன்று போஸ்டல், டொமைன்களுக்கு வழி சொல்லும் பட்டியலை வைத்திருக்கும் மூல சர்வர்களில் எட்டின் பொறுப்பாளர்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினார்: இனிமேல் நெட்வொர்க் சொல்யூஷன்ஸிடமிருந்து பட்டியலை எடுக்காதீர்கள், என் கணினியிலிருந்து எடுங்கள். அவர்கள் காரணம் கேட்கவில்லை. மாற்றிவிட்டார்கள். சொன்னது போஸ்டல் அல்லவா! பட்டியல் ஒன்றேதான் என்பதால் இணையத்தில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. வெள்ளை மாளிகைக்குத் தெரிந்துவிட்டது. கிளின்டனின் ஆலோசகர் ஐரா மாகஸைனர் கூப்பிட்டார். சோதனைதான் செய்து பார்த்தேன் என்று சொல்லி போஸ்டல் எல்லாவற்றையும் பழையபடி ஆக்கினார்.

அந்த வருஷம் செப்டம்பர் 30 அன்று இந்தப் பெயர்களின் பொறுப்பை ஏற்க, கலிஃபோர்னியாவில் லாப நோக்கமற்ற அமைப்பாக ஐகேன் பதிவானது. அக்டோபர் 16 அன்று, இதய அறுவை சிகிச்சைக்குப் பிறகு போஸ்டல் இறந்தார். வயது 55. நவம்பரில் வணிகத் துறையும் ஐகேனும் ஒப்பந்தம் போட்டன. கொஞ்ச காலத்தில் முழுப் பொறுப்பையும் கொடுத்துவிடுவதாகப் பேச்சு. கொஞ்ச காலம் என்பது பதினெட்டு வருஷம்.

இந்தப் பதினெட்டு வருஷ இழுத்தடிப்பு எனக்குப் பெரிய தீனி. 2005-ல் துனிஸ் நகரில் ஐ.நா. மாநாடு கூடி, அமெரிக்கா ஒன்றே இதை வைத்திருக்கலாமா என்று நாடுகள் சண்டை போட்டபோது நானும் திருச்சியிலிருந்து சண்டை போட்டேன். மேற்பார்வை என்ற பெயரில் ஆதிக்கம், சுயாட்சிதான் தீர்வு என்று எழுதினேன். எழுதியதை என் தளத்தில் ஏற்றினேன். அந்தத் தளத்துக்கு வருஷாவருஷம் செப்டம்பரில் மாப்பிள்ளைதான் பணம் கட்டிக்கொண்டிருந்தான். ஒரு தடவைகூட எனக்கு நினைவூட்டவில்லை, கணக்குக் கேட்கவில்லை. அவன் பணம் கட்டுகிறான் என்பதையே நான் மறந்திருந்தேன்.

2011 தீபாவளிக்கு வந்திருந்தான். பேச்சுவாக்கில், “மாமா, உங்க டொமைனை ரின்யூ பண்ணிட்டேன்” என்றான். எனக்குச் சுருக்கென்றது. என் பெயர், இன்னொருவன் கையிலா?

“அதை என் பேருக்கு மாத்திடு மாப்ளே.”

“எதுக்கு மாமா? நான்தான் பார்த்துக்கிட்டு இருக்கேனே.”

“நீ பாக்கல்லேன்னு யாரு சொன்னா? இது கொள்கை.”

சமையலறையிலிருந்து குரல் வந்தது: “கொள்கைக்கு வருஷத்துக்கு எவ்வளவு கட்டணுமாம்?”

மாற்றினான். அதற்கென்று ஒரு ரகசியக் குறியீடு உண்டு. அதைப் பழைய பதிவு நிறுவனத்திலிருந்து வாங்கிப் புதிய நிறுவனத்தில் கொடுக்க வேண்டும். நான் பிடித்தது பண்டிகைத் தள்ளுபடியில் ஆசை காட்டிய ஒரு நிறுவனம். பல வருஷத்துக்கு மொத்தமாகக் கட்டினால் இன்னும் குறையும் என்றார்கள். 2016 வரைக்கும் கட்டினேன். தொடர்புக்கு மின்னஞ்சல் கேட்டார்கள். என் சொந்த டொமைனிலேயே எனக்கு ஒரு முகவரி இருந்தது. அதைத்தான் பெருமையாகக் கொடுத்தேன். பீரோ சாவியைப் பத்திரமாக பீரோவுக்குள் வைத்துப் பூட்டியவன் நான் என்பது ஐந்து வருஷம் கழித்துத்தான் விளங்கியது.

காலாவதி 2016 செப்டம்பர் 24. ஒரு மாதம் முன்பு ஒரு கடிதம், ஒரு வாரம் முன்பு ஒரு கடிதம், முடிந்தபின் ஒன்று என்று பதிவு நிறுவனங்கள் நினைவூட்டியாக வேண்டும். அது ஐகேன் விதி. நான் ஆறு பக்கத்தில் சந்தேகப்பட்ட அதே ஐகேன். கடிதங்களை அனுப்பியிருக்கிறார்கள். அந்த முகவரியின் பெட்டி குப்பை மடல்களால் நிரம்பி, புதிய மடல் நுழைய முடியாமல் அடைத்துப்போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. நான் ஜிமெயிலில் இருந்தேன்.

அந்தச் செப்டம்பரில் எனக்கு நேரமும் இல்லை. வணிகத் துறைக்கும் ஐகேனுக்கும் இருந்த ஒப்பந்தம் மாதக் கடைசியில் முடிய இருந்தது. டெக்ஸஸ் செனட்டர் டெட் க்ரூஸ், ஒபாமா இணையத்தை விட்டுக்கொடுக்கிறார், ரஷ்யாவும் சீனாவும் ஈரானும் உள்ளே புகுந்துவிடும் என்று கத்திக்கொண்டிருந்தார். நான்கு மாநிலங்கள் தடை கேட்டு நீதிமன்றம் போயின. செப்டம்பர் 30 அன்று கால்வெஸ்டன் நகர நீதிபதி தடை தர மறுத்தார். அக்டோபர் 1 பிறந்ததும் ஒப்பந்தம் தானாக முடிந்தது. இதையெல்லாம் ராத்திரி கண்விழித்துப் படித்து எழுதிக்கொண்டிருந்தேன்.

எழுதியதில் பாதி தப்பு. அமெரிக்க அரசிடம் ஏதோ ஒரு பெரிய பொத்தான் இருப்பதாகவும், அது கைமாறுவதாகவும் எழுதியிருந்தேன். கைமாறியது ஒரு குமாஸ்தா வேலையின் மேற்பார்வை. எல்லா டொமைன்களுக்கும் தலைப்பட்டியல் ஒன்று உண்டு. டாட் காம் எங்கே, டாட் இன் எங்கே என்று சுமார் 1,500 பெயர்களுக்கு வழி சொல்லும் எழுத்துக் கோப்பு. அளவில் ஒரு செல்ஃபியைவிடச் சின்னது. அதில் மாற்றம் வேண்டுமென்றால் ஐகேன் பரிசீலித்து எழுதும். முறைப்படிதான் எழுதியிருக்கிறதா என்று வணிகத் துறை பார்த்து டிக் போடும். வெரிசைன் கோப்பில் ஏற்றும். அந்த நடு டிக்தான் போனது. அதற்கான ஒப்பந்தத்தின் தொகை பூஜ்யம் டாலர். அரசு ஐகேனுக்கு எதுவும் கொடுத்ததும் இல்லை. அக்டோபர் 1 அன்று உலகத்தில் ஒரு இணையதளமும் நிற்கவில்லை, என்னுடையதைத் தவிர. என்னுடையது ஒரு வாரம் முன்பே நின்றிருந்தது.

நவம்பர் முதல் வாரம் மன்னார்குடியிலிருந்து ஒரு வாசகர் போன் செய்தார். ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். “சார், கட்டுரை பிரமாதம். உங்க வெப்சைட்டும் பார்த்தேன். கட்டுரை எழுதுறதோட இந்த ஹோஸ்டிங் வியாபாரமும் செய்யறீங்களா?”

ஓடிப்போய்த் திறந்தேன். என் பெயருக்குக் கீழே மலிவு விலை சர்வர் விளம்பரங்கள். கணக்கில் நுழையப் பார்த்தேன், பாஸ்வேர்டு மறந்திருந்தது. மறந்துவிட்டதா என்ற பொத்தானை அழுத்தினேன். ‘புதிய பாஸ்வேர்டுக்கான இணைப்பை உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்பியிருக்கிறோம்’ என்றது. எந்த மின்னஞ்சலுக்கு என்பதும் நட்சத்திரக் குறிகளுக்கிடையே பாதி தெரிந்தது. அந்தப் பாதியே போதுமாக இருந்தது.

வாடிக்கையாளர் சேவைக்குப் பேசினேன். ஆதார் நகல் அனுப்பி நான்தான் நான் என்று நிரூபிக்க மூன்று நாள். அதற்குள் சலுகைக் காலம் முடிந்துவிட்டது. இனி மீட்புக் காலம், முப்பது நாள், கட்டணம் எட்டாயிரம் ரூபாய் என்றார் அந்தப் பெண். புதுப்பித்திருந்தால் எழுநூறு.

எட்டாயிரத்தைக் கட்டியிருக்கலாம். கட்டவில்லை. அந்த வாரம் நவம்பர் 8 ராத்திரி ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்று அறிவிப்பு வந்தது, அதனால்தான் என்று மனைவியிடம் சொன்னேன். ஆன்லைனில் கட்டும் பணத்துக்கு நோட்டு எதற்கு? அவளும் அதைத்தான் கேட்டாள். காரணம் வேறு. இணையத்தில் படித்திருந்தேன்: மீட்புக் காலம் முடிந்தால் இன்னும் ஐந்து நாள், பிறகு பெயர் பொதுவில் விழும், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். எனக்கு மட்டும் தேவைப்படும், ழகரமே சரியில்லாத பெயர். வேறு எவன் எடுப்பான்? ஏழாயிரத்து முந்நூறு மிச்சம் என்று கணக்குப் போட்டேன். முப்பது வருஷம் வணிகவியல் நடத்தியவன் போட்ட கணக்கு.

இதில் இன்னொரு வேடிக்கை. பொறுப்பு கைமாறிய பிறகு ஐகேனின் முதல் உலகக் கூட்டம் எங்கே நடந்தது தெரியுமா? ஹைதராபாத்தில். 2016 நவம்பர் 3 முதல் 9 வரை. அனுமதி இலவசம், யாரும் போய் மைக்கைப் பிடித்துக் கேள்வி கேட்கலாம். ரயிலேறினால் போய்விடலாம். அந்த ஏழு நாளும் நான் நட்சத்திரக் குறிகளை முறைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன்.

டிசம்பரில் பெயர் விழ வேண்டிய நாள். காலை ஐந்து மணிக்கு எழுந்து, காபி போட்டுக்கொண்டு, கணினி முன் உட்கார்ந்தேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தேடிப் பார்த்தேன். ஏழு மணிக்குப் பால்காரர் மணியடித்தார். போய் வாங்கி வைத்துவிட்டு வந்தேன். ராத்திரி பதினொன்று வரை ‘இல்லை’, ‘இல்லை’ என்றே வந்தது. தூங்கிவிட்டேன். மறுநாள் பார்த்தால் பெயர் கைமாறியிருந்தது. இப்படி விழும் பெயர்களைப் பிடிப்பதற்கென்றே நிறுவனங்கள் இருக்கின்றன, அவற்றின் நிரல்கள் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் கொத்திக்கொண்டு போய்விடும் என்பது பிறகு தெரிந்தது. மனிதன் காபி போட்டுக்கொண்டு போட்டியிடும் இடமில்லை அது. பதினாறு வருஷப் பழைய பெயர் என்பதால் அதற்கு ஒரு மதிப்பு இருந்ததாம். எனக்கு யாரும் சொல்லவில்லை.

ஒரு மாதத்தில் அங்கே ரம்மி வந்தது. ‘விளையாடுங்கள், வெல்லுங்கள்.’ புதிய உரிமையாளருக்கு மரியாதையாக ஒரு கடிதம் எழுதினேன். 1,900 டாலர் என்று ஒரே வரியில் பதில். ஐகேனின் பெயர்த் தகராறு நடைமுறை நினைவுக்கு வந்தது. 1999-ல் கொண்டுவந்தது, அதைப் பற்றியும் எழுதியிருக்கிறேன். ஜெனிவாவில் உள்ள உலக அறிவுசார் சொத்து அமைப்பில் ஒரே நடுவர் விசாரிக்க 1,500 டாலர் கட்டணம். நானூறு டாலர் லாபமாயிற்றே என்று ஒரு நிமிடம் சபலம். ஆனால் அந்தப் பெயரில் எனக்கு வணிகச் சின்ன உரிமை இருக்க வேண்டும். எதிராளி கெட்ட எண்ணத்தில் எடுத்தான் என்று காட்ட வேண்டும். என்னிடம் கெட்ட ஸ்பெல்லிங் மட்டும்தான் இருந்தது.

பெரியவர்களும் சறுக்கியிருக்கிறார்கள் என்று கொஞ்ச காலம் ஆறுதல் தேடினேன். 1999 கிறிஸ்துமஸ் சமயத்தில் பாஸ்போர்ட் டாட் காம் என்ற தன் பெயரை மைக்ரோசாஃப்ட் புதுப்பிக்க மறந்து, ஹாட்மெயிலில் பலருக்கு நுழைய முடியாமல் போனது. யாரோ ஒரு லினக்ஸ் நிரலாளர் தன் கார்டிலிருந்து 35 டாலர் கட்டிக் காப்பாற்றினார். சக ஆசிரியரின் விசிட்டிங் கார்டைச் செல்லாமல் ஆக்கும் அந்த நல்ல வாய்ப்பை யாரோ கெடுத்துவிட்டார்களே என்று இப்போது தோன்றுகிறது. 2020 பிப்ரவரியில் அதைவிட இனிப்பான செய்தி வந்தது. அந்தத் தலைப்பட்டியல் அசல்தான் என்று உறுதி செய்யும் ரகசியச் சாவியை, உலகின் பல நாடுகளிலிருந்து வரும் சாட்சிகள் முன்னிலையில், கேமரா வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பயன்படுத்துவார்கள். கலிஃபோர்னியாவில் எல் செகுண்டோ என்ற ஊரில் எல்லாரும் கூடிவிட்டார்கள். பெட்டகத்தின் பூட்டு திறக்கவில்லை. துளைபோட்டுத் திறக்க ஆள் வந்து, சடங்கு சில நாள் தள்ளிப்போனது. அந்தச் செய்தியை மூன்று தடவை படித்தேன். பீரோ சாவி விஷயத்தில் நான் தனி ஆள் இல்லை.

மாப்பிள்ளையிடம் இரண்டு வருஷம் சொல்லவில்லை. 2018-ல் அவனாகவே கேட்டான்: “மாமா, எப்போலேர்ந்து ரம்மி?” சொன்னேன். சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. “எனக்கு ஒரு போன் பண்ணியிருந்தா எட்டாயிரம் நான் கட்டியிருப்பேனே” என்றான். அதைவிட அவன் சிரித்திருக்கலாம்.

இப்போது எனக்கு வேறு பெயர் இருக்கிறது. தமிழ் எழுத்திலேயே முடியும் உச்சப் பெயர்கள் மூன்று: .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர். நான் .இந்தியாவில் எடுத்தேன். ழகரத்தை ழகரமாகவே எழுதலாம், ஸ்பெல்லிங் கேட்க ஆளில்லை. வங்கிப் படிவத்தில் போட்டால் ‘இது சரியான முகவரி அல்ல’ என்கிறது. நகலெடுத்து வாட்ஸாப்பில் ஒட்டினால் எக்ஸ், என் என்று தொடங்கி யாருக்கும் புரியாத எழுத்துச் சங்கிலியாகிவிடுகிறது. அதனால் வருகிறவர்கள் எண்ணிக்கை பதினொன்றிலிருந்து ஆறுக்கு இறங்கியிருக்கிறது. நான் இன்னும் நாலு பேர்தான்.

இந்த முறை ஜாக்கிரதை. பதிவு மகள் பெயரில், தொடர்புக்கு அவள் மின்னஞ்சல், பணம் தானாகப் போகும்படி என் கார்டு. பெயர் அடுத்த மார்ச் 11 வரைக்கும் இருக்கிறது. கார்டு ஜனவரியில் முடிகிறது. யாருக்காவது நினைவிருந்தால் பொங்கலுக்கு அப்புறம் எனக்கு ஒரு போன் போடுங்கள்.